கத்தணும்போல இருக்கா? கேட்க ஒரு மெஷின் இருக்கு!

இன்டர்னல் மார்க் வந்தாச்சு. எதிர்பார்த்தது 18, வந்தது 11. ராத்திரி பூரா நீங்க உட்கார்ந்து முடிச்ச ப்ராஜெக்டை, டீம்மேட் தன்னோட வேலை மாதிரி ரிவ்யூல பேசிட்டு வந்துட்டான். 'ஓ'ன்னு கத்தணும்போல இருக்கு. ஆனா எங்க போய்க் கத்துறது? ரூம்ல கத்தினா பக்கத்து ரூம் பசங்க ஓடி வருவாங்க. மொட்டை மாடியில கத்தினா வார்டனே வருவார்!

இந்தப் பிரச்சினையைச் சில கலைஞர்கள் ரொம்ப சீரியஸாவே எடுத்துக்கிட்டாங்க. அவங்க கையில் எடுத்ததுதான் ஊடாடும் ஒலிக்கலை. சும்மா நின்னு பார்த்துட்டுப் போற கலை இல்ல இது. நீங்க சத்தம் கொடுத்தாதான் படைப்பே முழுமையாகும்.

1961-லேயே யோகோ ஓனோ ஒரு படைப்பு எழுதினார். அதுல இருக்கிறது கத்துறதுக்கான குறிப்பு மட்டும்தான். காற்று, சுவர், வானம் மூணையும் பார்த்துக் கத்தணும். 2010-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் அதுக்காக ஒரு மைக்கும் ஸ்பீக்கர்களும் வெச்சாங்க. வந்தவங்க எல்லாருக்கும் அந்த அமைதியான ஹால்ல கத்த அனுமதி!

அடுத்தது நம்ம ஏரியா. எம்.ஐ.டி. மீடியா லேபில் கெல்லி டாப்சன் 'ஸ்க்ரீம்பாடி'ன்னு ஒண்ணு செஞ்சார். மார்போட கட்டிக்கிற பை மாதிரியான கருவி. அதுக்குள்ள வாயை வெச்சுக் கத்தினா வெளியே கேட்காது. ஆனா கத்தல் உள்ளே பதிவாகிடும். அப்புறம் நீங்க நினைக்கிற இடத்துல, நினைக்கிற நேரத்துல அதை வெளியே விடலாம்.

அவரோட இன்னொரு படைப்பு 'பிளெண்டி'. 1950-கள் காலத்துப் பிளெண்டர் ஒண்ணு. அதுக்கு ஸ்விட்ச் உங்க குரல்தான். நீங்க மெதுவா உறுமினா அது மெதுவா சுத்தும், சுருதியை ஏத்தினா வேகம் எடுக்கும். அதை ஓட்டணும்னா, நீங்க அது மாதிரியே சத்தம் போட்டாகணும்.

சரி, கத்தினா கோபம் நிஜமாவே போயிடுமா? 2002-ல் பிராட் புஷ்மன் என்கிற உளவியலாளர் 600 கல்லூரி மாணவர்களை வெச்சு ஒரு சோதனை நடத்தினார். கோபப்படுத்தினவரை நினைச்சுக்கிட்டே பஞ்சிங் பேக்கைக் குத்தினவங்களுக்குக் கோபம் ஏறித்தான் போச்சு. சும்மா உட்கார்ந்திருந்தவங்களே அவங்களை விட அமைதியா இருந்தாங்க. 2024-ல் 154 ஆய்வுகளைச் சேர்த்து அலசினதுலயும் இதேதான் வந்தது. கோபத்தைக் குறைக்கிறது மூச்சுப் பயிற்சி, தியானம் மாதிரி உடம்பின் படபடப்பை இறக்குற விஷயங்கள்தான்.

அப்போ இந்தக் கலையெல்லாம் வேஸ்ட்டா? எனக்கு அப்படித் தோணல. பஞ்சிங் பேக் திருப்பி ஒண்ணும் சொல்றதில்ல, அதனால மனசு பழைய சண்டையையே அரைச்சுக்கிட்டு இருக்கு. பிளெண்டி அப்படி இல்ல. அது ஓடுதா, வேகம் எடுக்குதான்னு கவனிச்சுக் குரலை ஏத்தி இறக்கணும். அந்த நேரத்துல அந்த டீம்மேட் மூஞ்சி ஞாபகத்துல நிக்குமா? நாம போடுற சத்தம் நம்ம காதுக்கே விழ ஆரம்பிக்கிற இடம் அது. கத்துறதை விட, அந்தக் கேட்கிறதுதான் முக்கியம்னு நினைக்கிறேன்.

இதைச் செஞ்சு பார்க்க எம்.ஐ.டி. எல்லாம் போக வேண்டாம். ஒரு ஆர்டுயினோ ஊனோ, ஆம்ப்ளிஃபையரோட வர்ற ஒரு மைக் மாட்யூல், ஒரு பஸ்ஸர் போதும். அனலாக் பின்ல வர்ற மதிப்பு 0-லிருந்து 1023 வரை இருக்கும். 50 மில்லி செகண்டுக்குள் வந்த அதிகபட்சத்திலிருந்து குறைந்தபட்சத்தைக் கழிச்சா, அதுதான் உங்க சத்தத்தின் அளவு.

இப்போதான் டிசைன் உங்க கைக்கு வருது. கத்தினா பஸ்ஸரும் அலறணும்னு கோடு எழுதினா, கிடைக்கிறது இன்னொரு பஞ்சிங் பேக்தான். தலைகீழா எழுதிப் பாருங்க: முதல்ல ஒரு பெரிய கத்தல், அதுக்கப்புறம் 'ம்ம்ம்'னு சீரா, நீளமா மூச்சு விட்டாதான் அது பாடும். பஸ்ஸர் சத்தத்தை மைக்கே கேட்டுக் குழம்பிடும். அதனால ஒரு செகண்ட் கேட்கணும், ஒரு செகண்ட் பாடணும்னு மாத்தி மாத்தி ஓட விடுங்க.

செஞ்சு முடிச்சா கல்லூரி சிம்போசியத்துல ஒரு ஓரமா வெச்சுப் பாருங்க. கியூ நிக்கும்! ஆனா மொட்டை மாடியில மட்டும் டெஸ்ட் பண்ணாதீங்க. வார்டனுக்கு அது கலைன்னு புரிய வைக்கிற சென்சார் இன்னும் கண்டுபிடிக்கல.