முன்னமும் மெய்ப்பாடும்: வானொலி நாடகமும் தொலைக்காட்சி நாடகமும்

1. தோற்றுவாய்

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்தனர் முன்னோர். அவற்றுள் நாடகம் காண்பார்க்கு உரியது என்பது நெடுநாள் வழக்கு. அவ்வழக்கினை 20ஆம் நூற்றாண்டு இருமுறை மாற்றியது. கண்ணுக்குப் புலனாகாது செவிக்கு மட்டுமே புலனாகும் நாடகத்தை வானொலி தந்தது. அரங்கின் தொலைவினைப் போக்கி, நடிப்போர் முகத்தைக் காண்போர் இல்லத்துக்கே கொணர்ந்தது தொலைக்காட்சி.

ஊடகவியல் இன்று கல்லூரிகளில் தனிப்பாடமாகப் பயிலப்படுகிறது. தருமபுரி மாவட்டத்து மாணவர் ஒருவர் இவ்விருவகை நாடகங்களையும் ஒப்பிட்டுப் பாடக்கட்டுரை எழுதப் புகுவாராயின், ஆய்வுக் கருவியாக எதனைக் கொள்வார்? பெரும்பாலும் மேலைநாட்டு நூல்களையே நாடுவர். அவையும் வேண்டுவனவே. ஆயினும், தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முன்னம், மெய்ப்பாடு என்னும் இரண்டு உறுப்புக்கள் இவ்வொப்பீட்டிற்கு மிகப் பொருந்திய அளவுகோல்களாம் என்பதை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. வரலாற்றுக் குறிப்பு

சென்னையில் 1924ஆம் ஆண்டில் வானொலிக் கழகம் ஒன்று தோன்றிச் சிறிது காலம் ஒலிபரப்பு நடத்தியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16ஆம் நாளும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16ஆம் நாளும் தொடங்கின. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகத்து 15ஆம் நாள் தோன்றியது. எனவே, தமிழ் நாடகம் ஏறத்தாழ நாற்பதாண்டுக் காலம் காட்சியின் துணையின்றிச் செவிவழியே இல்லங்களுக்குள் புகுந்து பழகிற்று எனலாம். தனியார் தொலைக்காட்சி 1993இல் வந்த பின்னர், நாள்தோறும் தொடரும் நெடுந்தொடர்கள் பெருகின.

தருமபுரி மாவட்டம் சேலம் மாவட்டத்தினின்றும் 1965இல் பிரிக்கப்பட்டது. 2004இல் அதனின்றும் கிருட்டிணகிரி தனி மாவட்டமாயிற்று. கன்னட நாட்டெல்லையை ஒட்டிய இந்நிலப்பகுதியில் தெருக்கூத்து வாழும் கலையாக உள்ளது. 102.5 என்னும் அலைவரிசை எண்ணில் ஒலிக்கும் தருமபுரிப் பண்பலை வானொலி நிலையமும் இங்கு உண்டு. கூத்து, வானொலி, தொலைக்காட்சி என்னும் மூன்றனையும் ஒருங்கே அறிந்த மக்கள் வாழும் இடமாதலின், இவ்வாராய்ச்சிக்கு இது தக்க களமாகும்.

3. முன்னம்

செய்யுள் உறுப்புக்களை நிரல்படக் கூறும் தொல்காப்பியர், கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பவற்றை அடுத்தடுத்து வைக்கின்றார். பேசுவார் யார், கேட்பார் யார், பேச்சு நிகழும் இடம் யாது என்பன அப்பேச்சினாலேயே உய்த்துணரப்படுமாறு அமைவது முன்னம். அகப்பாடல்களில் ஆசிரியர் இடையே புகுந்து இன்னார் பேசினார் என உரைப்பதில்லை. துறைக் குறிப்புக்கள் பிற்காலத்தார் சேர்த்தவை. அவற்றை நீக்கிவிட்டுப் பாடலை மட்டும் செவிமடுப்பவனும், பேசுபவள் தோழி என்றும், சிறைப்புறத்தே நிற்பவன் தலைவன் என்றும் அறிந்துகொள்கிறான். வானொலி நாடகம் கேட்பானது நிலையும் இதுவே.

இங்கிலாந்து வானொலியில் 1924 சனவரி 15ஆம் நாள் ரிச்சர்டு இயூசு என்பார் எழுதிய நாடகம் ஒன்று ஒலிபரப்பாயிற்று. வானொலிக்கென்றே எழுதப்பட்ட நாடகங்களுள் மிக முற்பட்டது அது. நிலக்கரிச் சுரங்கத்துள் விளக்கு அணைந்துவிட, இருளில் அகப்பட்டோர் பேசுவதாக அதனை அவர் அமைத்தார். கேட்போர் காணாமை ஒரு குறையாகாதவாறு, கதை மாந்தரும் காணாதாராகவே ஆக்கப்பட்டனர். ஆனால் எல்லா நாடகத்தையும் இருளில் நிகழ்த்துதல் இயலாது. ஒளியில் நிகழ்வதைச் சொல்லால் காட்டவேண்டிய இடத்தில்தான் முன்னம் இன்றியமையாததாகிறது.

இதற்குத் தகடூரைச் சார்ந்த சான்றே உண்டு. தகடூர் என்பது இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடியது புறநானூற்று 95ஆம் பாட்டு. தொண்டைமானுடைய படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து நெய் பூசப்பெற்றுக் காவல் மனையில் உள்ளன என்றும், தம் தலைவனுடையவையோ போரிற் சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்றும் அதில் கூறுகின்றார். முன்னவற்றை அண்மைச் சுட்டாலும் பின்னவற்றைச் சேய்மைச் சுட்டாலும் குறிக்கின்றார். அச்சுட்டுக்களே அவர் தொண்டைமானது படைக்கல மனையில் நிற்கிறார் என்பதைக் காட்டிவிடுகின்றன. புகழ்வது போன்று இகழ்கின்றார் என்பது எச்சமாய் நின்று, கேட்போர் உள்ளத்தில் நிறைவு பெறுகிறது. வானொலிக்கு எழுதப் பயில்வார்க்கு இதனினும் சிறந்த பாடம் அரிது.

இன்றைய வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டு அமைத்துக் காண்போம். பாலக்கோட்டுச் சந்தையில் தக்காளி விலை வீழ்ந்தது. உழவர் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். தொலைக்காட்சியாயின் வெறுங்கூடையையும் அவர் முகத்தையும் காட்டினாற் போதும். திறமையற்ற வானொலி ஆசிரியர், “சந்தையிலிருந்து வெறுங்கூடையோடும் வாடிய முகத்தோடும் வந்து நிற்கிறீர்களே” என்று மனைவியைப் பேசவைப்பார். கண்முன் நிற்பவரிடம் அவர் நிற்பதையே எடுத்துரைப்பார் யாவர்? கூடை திண்ணையில் விழும் ஓசை கேட்கட்டும், சிறு அமைதிக்குப் பின் மனைவி, “வண்டி வாடகையாச்சும் தேறிச்சுங்களா?” என்று வினவட்டும். பேசுபவள் மனைவி, கேட்பவர் கணவர், இடம் வீடு, நிகழ்ந்தது இழப்பு என்னும் நான்கும் அவ்வொரு வினாவில் அடங்கிவிடுகின்றன. இதுவே முன்னம்.

4. மெய்ப்பாடு

இனி, மெய்ப்பாடாவது யாது? உய்த்துணர்தல் வேண்டாது, பொருள் தானே மெய்யின்கண் வெளிப்பட்டு விளங்குவது என்பது செய்யுளியற் கருத்து. முன்னத்திற்கு உய்த்துணர்வு வேண்டும். மெய்ப்பாட்டிற்கு அது வேண்டா. தொலைக்காட்சி மெய்ப்பாட்டின் ஊடகம். அரங்கில் நாற்பதடித் தொலைவிற்குத் தெரியுமாறு கைகளை வீசி நடித்தவர், இங்கே புருவத்தின் சிறு அசைவாலேயே வெகுளியை உணர்த்திவிடலாம்.

எனினும், வானொலியில் மெய்ப்பாடே இல்லை என்று கொள்ளற்க. மெய்ப்பாட்டை உணர்தற்குக் கண்ணுடன் செவியையும் கருவியாகச் சேர்த்துரைத்தார் தொல்காப்பியர். எண்வகை மெய்ப்பாட்டுள் நகை, அழுகை, அச்சம், வெகுளி ஆகியவை குரலிலும் மூச்சிலும் எளிதிற் புலப்படும். இளிவரலும் மருட்கையும் குரலளவில் புலப்படுதல் அரிது. அவற்றிற்குச் சொல்லின் துணை வேண்டும். எட்டனுள் எது எவ்வூடகத்தில் எவ்வாறு புலப்படுகிறது என அட்டவணைப்படுத்துதல், மாணவர் தம் பாடக்கட்டுரையில் எளிதிற் செய்யத்தக்க பயனுள்ள ஆராய்ச்சியாகும்.

ஈண்டுப் பிறிதொன்றும் நோக்கத்தக்கது. தொலைக்காட்சி நெடுந்தொடர்களைப் பலர் முழுதும் கண்ணாற் காண்பதில்லை. அடுக்களைப் பணியினூடே செவியாற் கேட்கின்றனர். அத்தொடர்களில் மாந்தர் ஒருவரையொருவர் பெயரும் முறையும் சொல்லி அடிக்கடி விளிப்பதும், நடந்ததையே மீண்டும் உரைப்பதும், உணர்ச்சிதோறும் இசை முழங்குவதும் குறைகளாகவே எண்ணப்படுகின்றன. கேட்போர் நிலையை நோக்கின் அவற்றுக்கும் காரணம் புலனாகும்: காட்சி ஊடகத்தினுள்ளே செவி நாடகத்தின் தேவை தொடர்ந்து வாழ்கிறது. தெருக்கூத்தில் இருவர் பிடித்த திரைக்குப் பின்னின்று, தான் இன்னான் எனப் பாடி வரும் வேடத்தின் மரபும் இத்தேவையின்பாற் பட்டதே. மக்கள் திரளின் கடைசியில் இருப்பவனுக்குக் கண்ணினும் செவியே துணை.

5. வட்டார வழக்கு

முன்னத்தைத் தோற்றுவிக்கும் கருவிகளுள் தலையாயது பேச்சு வழக்கு. இலங்கை வானொலியில் இராமதாசு எழுதி நடித்த ‘கோமாளிகளின் கும்மாளம்’ இதற்குச் சான்று. ஐயர், மரிக்கார், அப்புக்குட்டி, உபாலி என்னும் நால்வரும் நால்வேறு வகையாகத் தமிழ் பேசினர். வாய் திறந்த அளவில் இன்னார் என்பது தெளிவாயிற்று. பெயர் கூற வேண்டுவதில்லை. அது ‘கோமாளிகள்’ என்னும் திரைப்படமாக 1976இல் வெளிவந்தது.

தருமபுரித் தமிழ் கன்னடத்தோடும் தெலுங்கோடும் நெடுங்காலம் உறவாடி வளர்ந்தது. அதனை நாடகத்தில் வழங்குவதற்கு இடமளிப்பது உள்ளூர் வானொலியே. நாடு முழுவதற்கும் ஒருங்கே ஒளிபரப்பாகும் தொலைக்காட்சித் தொடர், எல்லார்க்கும் பொதுவான பேச்சினைத் தேடுவது இயல்பு. முகத்தால் ஆளை அறிவிக்க வல்ல ஊடகத்திற்கு வழக்கால் அறிவிக்கும் தேவையும் குறைவு. ஆதலின், வானொலி நாடகம் மறையுமாயின் அதனொடு வட்டார வழக்கின் இலக்கியப் பதிவும் மறையும்.

6. கேட்போரும் பயனும்

பெண் சிசுக்கொலையை ஒழிக்கும் பொருட்டுத் தருமபுரி மாவட்டத்தில் 1997 முதல் 1999 வரை மக்களிடையே பேரியக்கம் ஒன்று நடத்தப்பெற்றது. வானொலியும் தொலைக்காட்சியும் இருந்த காலத்தே, அவ்வியக்கம் ஊர்தோறும் செல்லும் கலைப்பயண நாடகங்களைக் கருவியாகக் கொண்டது சிந்திக்கத்தக்கது. தெரு நாடகத்தில் கேட்போர் ஒருவரையொருவர் காண்கின்றனர். அயலானும் இதனைக் கேட்டான் என்னும் அறிவே மறைவிற் செய்யும் கொடுமைக்குத் தடையாகிறது. வட இந்தியாவில் 1996–97இல் ஒலிபரப்பான ‘திங்கா திங்கா சுக்’ என்னும் இந்தி வானொலித் தொடரைக் கேட்ட இலுட்சான் சிற்றூரார், வரதட்சணையை எதிர்த்துக் கூட்டாகக் கையெழுத்திட்டுக் கடிதம் விடுத்தனர். ஆங்கும் பயன் விளைத்தது, ஒருங்கு கேட்டுக் கலந்து பேசிய செயலே. பயன் என்னும் உறுப்பை ஆராய்வார் கேட்போர் என்னும் உறுப்பை விடுத்து ஆராய்தல் இயலாது.

7. முடிவுரை

அதியமான் மீது சேரன் படையெடுத்த வரலாற்றைக் கூறிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைத்திலது. புறத்திரட்டிலும் உரைகளிலும் எஞ்சிய சில பாடல்களே அந்நூல் இருந்தமைக்குச் சான்றாயின. ஓலை அழிந்தமையால் அது மறைந்தது. வானொலி நாடகமோ ஒலித்த அன்றே மறையும் இயல்பிற்று. பதிவு செய்த நாடாவை அழித்து மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் உலகின் பெரிய ஒலிபரப்பு நிறுவனங்களிலும் இருந்தது. கையெழுத்துப் படிகள் எழுதியோர் இல்லங்களில் எஞ்சியிருத்தல் கூடும்; அவையும் நெடுநாள் நில்லா.

எனவே, ஊடகவியல் மாணவர் தம் பாடக்கட்டுரையைத் தேர்வுக்குரிய கடமையாக மட்டும் கருதாது, ஒவ்வொருவரும் ஒரு வானொலி நாடகப் படியையேனும் தேடிப் பெற்று, எழுதியவர், நடித்தவர், ஒலிபரப்பிய நாள் ஆகிய குறிப்புக்களுடன் படியெடுத்துத் துறை நூலகத்திற் சேர்த்தல் வேண்டும். நடித்தோரும் கேட்டோரும் இருக்கும்போதே அவர்தம் நினைவுகளையும் ஒலிப்பதிவு செய்தல் நன்று. முன்னமும் மெய்ப்பாடும் கொண்டு ஆராய்வதற்கு முதற்கண் நாடகம் நம் கையில் இருத்தல் வேண்டும்.