குற்றமில்லை என்றது சட்டம். இனி எந்தக் கதவைத் தட்டுவது?

வயது வந்த இருவர் மனமொத்துத் தனிமையில் உறவு கொண்டால் அது குற்றமல்ல. அவர்கள் இருவரும் ஆண்களாக இருந்தாலும் சரி, பெண்களாக இருந்தாலும் சரி. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் ஒருமித்துச் சொன்ன தீர்ப்பு இது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில், இத்தகைய உறவைக் குற்றமாக்கிய வெள்ளைக்காரர் காலத்து 377-ஆம் பிரிவே இல்லை.

ஆனாலும் தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு வரும் தொல்லை தீர்ந்தபாடில்லை. காரணம், தொல்லை கொடுப்பவர் யாரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருவதில்லை. வீட்டில், காவல் நிலையத்தில், கிளினிக்கில், கைபேசியில், வகுப்பறையில்தான் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிகாரமும் உண்டு. அது எங்கே கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாததுதான் சிக்கல்.

வீடும் காவல் நிலையமும்

மதுரையைச் சேர்ந்த இரு இளம்பெண்கள் பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் 'மகளைக் காணவில்லை' என்று புகார் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்பு கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயத்தில் தனக்குத் தெளிவு போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி, ஓர் உளவியல் நிபுணரிடம் தானே போய் உட்கார்ந்து கேட்டறிந்தார். அதன் பிறகே 2021 ஜூன் 7 அன்று விரிவான உத்தரவு பிறப்பித்தார்.

அந்த உத்தரவின் முக்கியமான பகுதி இது: காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர் வயது வந்தவர், தன் விருப்பத்தோடு துணையுடன் இருக்கிறார் என்று விசாரணையில் தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு காவல்துறை புகாரை முடித்துவிட வேண்டும். தொந்தரவு செய்யக் கூடாது. இந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022-இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்ற புதிய விதி சேர்ந்தது. தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் உள்ளிட்டோரையும் அவர்களின் நலனுக்காக உழைப்பவர்களையும் காவலர் துன்புறுத்துவதை அது தடை செய்கிறது.

விதி இருந்தும் மீறல் நிற்கவில்லை. 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு ஓர் ஆட்கொணர்வு மனு வந்தது. 25 வயதுப் பெண் ஒருவரைப் பெற்றோர் தடுத்து வைத்திருப்பதாக அவருடைய தோழி முறையிட்டிருந்தார். நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அந்தப் பெண்ணை விடுவித்தது. காவல்துறை நடந்துகொண்ட விதத்தையும் கண்டித்தது. குடும்பம் அமையத் திருமணம் ஒன்றே வழியல்ல, தாமே தேர்ந்துகொண்ட உறவும் குடும்பம்தான் என்றும் அது சொன்னது.

இப்படி ஒரு நிலை வரும் என்று தோன்றினால் முன்கூட்டியே செய்ய வேண்டியவை சில உண்டு. வயதுக்குச் சான்றாகப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஆதார் ஆகியவற்றின் நகலை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டை விட்டு வெளியேறினால், 'நான் வயது வந்தவர். என் விருப்பப்படியே வந்திருக்கிறேன். யாரும் என்னைக் கடத்தவில்லை' என்று தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு, உங்கள் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். காணவில்லை என்ற புகார் பின்னால் வந்தாலும் இந்த ஒரு தாள் உங்களுக்காகப் பேசும்.

அடைத்து வைப்பதும் அடிப்பதும் பெற்றோரே செய்தாலும் குற்றம்தான். பெண்களுக்குக் கூடுதலாக ஓர் ஆயுதம் உண்டு: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம். அது கணவன் வீட்டுக் கொடுமைக்கு மட்டுமானதல்ல; அப்பா, அண்ணன், அம்மா மீதும் அதன்கீழ் பாதுகாப்பு ஆணை கேட்கலாம். உதவிக்கு 181.

'சரியாக்கித் தருகிறேன்' என்பவர்கள்

'ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்பது நம் ஊரில் சொல்லும் முதல் வைத்தியம். அதனால் சரியானவர் யாருமில்லை. விஷயம் தெரியாமல் கழுத்தை நீட்டிய இன்னொருவரின் வாழ்க்கையும் சேர்ந்து பாழாகும். அடுத்தது மந்திரித்தல், பேயோட்டுதல், ஊசி மருந்து, 'மனதை மாற்றும்' கவுன்சலிங்.

தன்பாலின ஈர்ப்பு நோயே அல்ல. உலக சுகாதார நிறுவனம் 1990-இலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை என்ற பெயரில் நடப்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் தடை செய்தது. 2022-இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறை ஒழுங்கீனம் என்று அறிவித்தது. மருத்துவர் யாராவது இதைச் செய்தால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் எழுத்துப்பூர்வமாகப் புகார் செய்யலாம். மருந்துச்சீட்டு, கட்டண ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள், அவைதான் சாட்சி.

மன உளைச்சல் இருந்தால் உதவி கேட்பதில் தவறில்லை. பாலீர்ப்பைக் காரணம் காட்டி மனநலச் சிகிச்சையில் யாரும் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416.

கைபேசியில் விரிக்கும் வலை

செயலியில் பழக்கம், இரண்டு நாள் இனிமையான பேச்சு, பிறகு ஓர் அறைக்கு அழைப்பு. உள்ளே போனதும் மூன்று பேர் நுழைகிறார்கள். கைபேசியைப் பிடுங்கி, படம் எடுத்து, 'வீட்டுக்கு அனுப்பவா, ஆபீசுக்கு அனுப்பவா' என்று மிரட்டி, யுபிஐ மூலம் பணத்தை மாற்றிக்கொள்கிறார்கள். மானம் போய்விடுமே என்று சிக்கியவர் வாய் திறக்க மாட்டார் என்பதுதான் அவர்களின் முதலீடு.

இது மிரட்டிப் பணம் பறித்தல். நியாய சன்ஹிதாவின் 308-ஆம் பிரிவில் வரும். அந்தரங்கப் படத்தை அனுமதியின்றி எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் வரும். முதல் தடவை பணம் கொடுத்தால் இரண்டாம் தடவையும் கேட்பார்கள். ஆகவே உரையாடலை அழிக்காமல் திரைப்பிடிப்பு எடுங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். முதல் சந்திப்பைப் பொது இடத்தில் வைத்துக்கொள்வதும், போகுமிடத்தை ஒரு நண்பருக்குச் சொல்லிவிட்டுப் போவதும் நல்லது.

இங்கே சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. 377 போனதோடு, வயது வந்த ஆண் மீது நடக்கும் பாலியல் வன்முறைக்கென்று இருந்த பிரிவும் போய்விட்டது. காயப்படுத்துதல், அடைத்து வைத்தல் போன்ற பிரிவுகளில்தான் இப்போது புகார் செய்ய முடியும். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் போக்சோ சட்டம் ஆண், பெண் பேதமின்றிக் காக்கும். அதே சட்டப்படி 18 நிறையாதவரோடு உறவு கொள்வது, சம்மதம் இருந்தாலும் குற்றம்.

பள்ளி, மைதானம், திரை, வழிபாட்டிடம்

ஒரு பையனின் நடையோ குரலோ கொஞ்சம் மென்மையாக இருந்தால் போதும், வகுப்பில் அந்தப் பையனுக்கு 'ஒன்பது' என்று பட்டப்பெயர் வந்துவிடும். ஆசிரியரே சிரித்துவிட்டால் அன்றோடு பள்ளி அவனுக்கு நரகம். கல்லூரியில் இதற்குத் தெளிவான விதி உண்டு: பாலீர்ப்பைச் சொல்லிக் கேலி செய்வதையும் ஒதுக்குவதையும் பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் ராகிங் வரையறைக்குள் கொண்டுவந்தது. புகார் எண் 1800-180-5522. பள்ளிக் குழந்தைகளுக்கு உதவி எண் 1098.

விளையாட்டில் ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை டுட்டீ சந்த்தைப் பாருங்கள். ஒரு பெண்ணை நேசிப்பதாக 2019 மே மாதம் அறிவித்தார். சொந்த வீட்டிலேயே எதிர்ப்பு கிளம்பியது. அதே ஆண்டு ஜூலையில் நேப்பிள்ஸ் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். யாரை நேசிக்கிறார் என்பது காலின் வேகத்தைக் குறைக்கவில்லை.

தமிழ்த் திரை தன்பாலின ஈர்ப்பாளர்களை நெடுங்காலம் சிரிப்புக்கோ வில்லத்தனத்துக்கோதான் பயன்படுத்தியது. 2006-இல் வந்த 'வேட்டையாடு விளையாடு' படத்தின் கொலையாளிகளை நினைத்துப் பாருங்கள். 2025-இல் வந்த 'காதல் என்பது பொதுவுடைமை', மகள் இன்னொரு பெண்ணைக் காதலிப்பதை ஏற்கத் திணறும் வீட்டைக் காட்டியது. செய்தியாளர்களுக்கு ஒரு வார்த்தை: ஒருவரின் பாலீர்ப்பை அவர் அனுமதியின்றிப் பெயரும் படமும் போட்டு வெளியிடுவது அவருடைய அந்தரங்க உரிமையில் கை வைப்பது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மதங்கள் ஒரே குரலில் பேசவில்லை. திருமணம் என்ற கோட்பாட்டை மாற்றாமலேயே, தன்பாலின இணையருக்குப் பாதிரியார் ஆசி வழங்கலாம் என்று வாடிகன் 2023 டிசம்பரில் அனுமதித்தது. ஆர்.எஸ்.எஸ். தலைவர் மோகன் பாகவத், இவர்களுக்கும் சமூகத்தில் இடம் வேண்டும் என்று அதே ஆண்டு ஜனவரியில் பேசினார். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் நம்பிக்கை. ஆனால் நம்பிக்கையின் பேரில் ஒருவரைக் கட்டி வைக்கவோ அடிக்கவோ எந்த மதத்துக்கும் உரிமை கிடையாது.

திருமணம் இல்லை, தாள்கள் உண்டு

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்துவிட்டது. எனவே துணை இறந்தால் வாரிசுரிமை தானாக வராது. நாமினியாகப் பெயர் இருந்தால் போதும் என்று நினைப்பது ஆபத்து. சொத்து பொதுவாகச் சட்டப்படியான வாரிசுக்கே போகும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்ட உயில் எழுதி வையுங்கள். முடிந்தால் பதிவும் செய்யுங்கள். கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடையில்லை என்றும், ரேஷன் அட்டைக்கு இருவரையும் ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும் 2024-இல் மத்திய அரசு தெளிவுபடுத்தியிருக்கிறது. வங்கிக் கிளையில் மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.

கடல் தாண்டினால் சட்டம் மாறும். சிங்கப்பூர் 377ஏ பிரிவை நீக்கிவிட்டது. இலங்கையிலும் மலேசியாவிலும் பழைய பிரிவுகள் இன்னும் இருக்கின்றன. வேலைக்கும் படிப்புக்கும் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையா? 15100-க்கு அழையுங்கள்; சட்டப் பணிகள் ஆணைக்குழு தகுதியுள்ளவர்களுக்கு இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தரும். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது.

பெற்றோருக்குச் சொல்ல ஒன்றே ஒன்று. உங்கள் பிள்ளை இதை உங்களிடம் சொன்னால், உங்களை நம்பித்தான் சொல்கிறது. அன்று இரவு முடிவு எதுவும் எடுக்காதீர்கள். கையை ஓங்காதீர்கள், கைபேசியைப் பிடுங்காதீர்கள், மாப்பிள்ளை பார்க்காதீர்கள். சாப்பிடச் சொல்லுங்கள். மீதியை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம்.