இரண்டு மணி அலாரத்தின் கணக்கு

ஏழாம் வகுப்பு, முதல் பாடவேளை. மூன்றாவது வரிசையில் ஒரு மாணவன் தூங்கி விழுந்துகொண்டிருந்தான். தொடர்ந்து நான்காவது நாளாக இப்படித்தான். வகுப்பு முடிந்ததும் தனியே அழைத்தேன்.

“ராத்திரி எத்தனை மணிக்குப்பா படுத்தே?”

“ஒம்பது மணிக்கே படுத்துட்டேன் சார். ரெண்டு மணிக்கு அலாரம் வச்சு எந்திரிச்சேன்.”

“எதுக்கு?”

“எனர்ஜி ஃபுல் ஆயிரும் சார். அப்ப விளையாடலேன்னா வீணாப் போயிரும்.”

சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலை ஒன்றில் அவனுடைய அம்மா சரவெடி பின்னுகிறார். பகலில் கைபேசி அவரிடம் இருக்கும், இரவில் மகனிடம் வரும். அவன் விளையாடியது மூன்று கற்களைச் சேர்க்கும் போர் விளையாட்டு. நம் வகுப்புகளில் பலரும் இதை விளையாடுகிறார்கள். திட்டுவதற்கு முன் அது எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். அவனையே ஆசிரியராக்கி உட்கார்ந்து கற்றேன். இந்த விளையாட்டுகளில் வளங்கள் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன. அவை பலகை, கடிகாரம், பணப்பை. மூன்றையும் பிரித்துப் பார்த்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

பலகை தரும் வளம்

பலகை நிறையப் பல நிறக் கற்கள். அருகருகே உள்ள இரண்டை இடம் மாற்றி, ஒரே நிறத்தில் மூன்றை வரிசையாக்கினால் அவை உடையும். மேலிருந்து புதிய கற்கள் விழும். 2001இல் வந்த ‘பிஜுவல்ட்’ இவ்வகையைப் பரவலாக்கியது. 2007இல் ஆஸ்திரேலியாவில் உருவான ‘பசில் குவெஸ்ட்’ இதைப் போராக மாற்றியது. அதில் எட்டுக்கு எட்டுப் பலகை. சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலக் கற்களை உடைத்தால் அந்தந்த நிறத்தில் ‘மானா’ எனும் மந்திர ஆற்றல் சேரும். ஒவ்வொரு மந்திரத்துக்கும் ஒரு விலை உண்டு. மண்டையோடுகளைச் சேர்த்தால் எதிரிக்கு நேரடி அடி. நான்கைச் சேர்த்தால் இன்னொரு வாய்ப்பு.

பலகை இருவருக்கும் பொது என்பதுதான் இதன் நுட்பம். எனக்கு வேண்டிய சிவப்பை எடுப்பதா, எதிரிக்கு வேண்டிய நீலத்தை அவனுக்குக் கிடைக்காமல் செய்வதா, இப்போதே அடிப்பதா? ஒன்றைத் தேர்ந்தால் மற்றதை இழக்கிறோம். பின்லாந்தில் உருவாகி 2017இல் வெளியான ‘எம்பயர்ஸ் அண்ட் பசில்ஸ்’ விளையாட்டில் ஐந்து நிறங்கள். உடையும் கல்லின் நிறத்தில் உள்ள வீரருக்கே ஆற்றல் ஏறும். ஒரே நிறத்தில் மூன்று வீரர்களை வைத்தால் அந்த நிறத்தின் தாக்குதல் பலமாகும். அந்த நிறக் கல் வராவிட்டால் அணி திணறும். திட்டமிடல், சேமிப்பு, காத்திருத்தல் எல்லாம் இதில் இருக்கின்றன. இந்தப் பகுதியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

என் சிறுவயதில் நாங்கள் தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்தோம். எளிதில் கிடைக்காத படத்துக்கு மதிப்பு அதிகம். வென்றால் சேரும், தோற்றால் போகும். ஆனால் அந்தப் படங்கள் இரவில் எங்களை எழுப்பியதில்லை. விடியும்வரை டவுசர் பையில் அப்படியே கிடந்தன.

கடிகாரம் தரும் வளம்

‘பசில் குவெஸ்ட்’ ஒருமுறை விலை கொடுத்து வாங்கப்பட்ட விளையாட்டு. வாங்கியவர் எவ்வளவு நேரமும் ஆடலாம். 2012இல் ஜப்பானில் வெளியான ‘பசில் அண்ட் டிராகன்ஸ்’ இலவசம். ஆனால் ஒவ்வொரு சண்டைக்கும் ‘ஸ்டாமினா’ செலவாகும். தீர்ந்தால் அது நேரம் போகப்போகத்தான் ஊறும். அதே ஆண்டு வந்த ‘கேண்டி க்ரஷ்’ விளையாட்டில் ஐந்து உயிர்கள். இழந்த ஓர் உயிர் திரும்ப அரை மணி நேரம் ஆகும்.

இந்த ஆற்றலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. தொட்டி நிறைந்த பிறகு எவ்வளவு நேரம் போனாலும் ஒரு சொட்டும் சேராது. “வீணாப் போயிரும்” என்று மாணவன் சொன்னது இதைத்தான். அவனிடம் இல்லாத ஒன்றை இழந்துவிடுவோம் என்ற பதற்றம் அவனை எழுப்பியது.

அவன் சொன்ன எண்களைக் கரும்பலகையில் எழுதினோம். உச்சவரம்பு 30. பத்து நிமிடத்துக்கு 1 ஊறும். இரவு 9 மணிக்குத் தொட்டி காலி. 30 × 10 = 300 நிமிடம், அதாவது 5 மணி நேரம். சரியாக 2 மணிக்கு நிறையும்! காலை 7 வரை தூங்கினால் கிடைப்பது 30. இரண்டு மணிக்கு எழுந்து செலவழித்தால் ஏழு மணிக்குள் இன்னொரு 30. பையன் கணக்கில் தவறே செய்யவில்லை. அதை வகுப்பில் சொல்லிப் பாராட்டினேன்.

பிறகு அடுத்த கேள்வி. ஒரு சண்டைக்கு 6 ஆற்றல், 3 நிமிடம். கூடுதலாகக் கிடைத்த 30 ஆற்றலில் எவ்வளவு நேரம் ஆடலாம்? ஐந்து சண்டை, பதினைந்து நிமிடம்.

“பதினஞ்சு நிமிசத்துக்கா சார்?” என்றான். நான் பதில் சொல்லவில்லை.

பணப்பை தரும் வளம்

காத்திருக்க முடியாதவர்களுக்கு ரத்தினக் கற்கள் விற்பனைக்கு உண்டு. ரூபாய் ரத்தினமாகிறது, ரத்தினம் ஆற்றலாகிறது. இரண்டு முறை மாறியதும் பொருளின் விலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. வகுப்புக்காக ஒரு கணக்கு அமைத்தேன். 100 ரத்தினம் ₹90. தொட்டியை ஒருமுறை நிரப்ப 75 ரத்தினம். ஒரு பொட்டலம் வாங்கினால் 25 மிஞ்சும். அந்த மிச்சத்தை வீணாக்க மனம் வராது. அடுத்த பொட்டலம் வாங்கச் சொல்லும். எப்போது மிச்சமே இல்லாமல் போகும்? 100, 75 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 300. மூன்று பொட்டலம், ₹270, நான்கு முறை நிரப்பலாம். கிடைப்பது மொத்தம் ஒரு மணி நேர ஆட்டம்.

உயர்நிலை வகுப்புகளுக்கு நிகழ்தகவும் இருக்கிறது. ரத்தினம் கொடுத்து அரிய வீரரைக் குலுக்கலில் எடுக்கும்போது வாய்ப்பு 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். நூறு முறை எடுத்தால் நிச்சயம் கிடைக்கும் என்றே பெரும்பாலான மாணவர்கள் சொல்வார்கள். 0.99ஐ நூறு முறை பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விடை ஏறத்தாழ 0.37. நூறு முறை முயன்றவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேல் வெறுங்கைதான்.

வீட்டுப்பாடமாக ஒரே ஒரு கேள்வி கொடுத்தேன்: “உங்கள் வீட்டில் ₹90 சம்பாதிக்க எவ்வளவு நேரம் ஆகிறது? கேட்டு வாருங்கள். விடையை யாரிடமும் காட்ட வேண்டாம்.” வகுப்பில் உரக்கக் கேட்கும் கேள்வி அல்ல இது, யாருடைய வீட்டு நிலையும் பலகைக்கு வரக் கூடாது. மறுநாள் அந்த மாணவன் ஆசிரியர் அறை வாசலில் நின்றான். “அம்மா எத்தன சரம் பின்னணும்னு கேட்டேன் சார்” என்றான். எண்ணைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பெற்றோர் கூட்டத்தில் இரண்டு செய்திகள் சொல்லலாம். கடவுச்சொல் இல்லாமல் எதையும் வாங்க முடியாதபடி கைபேசியில் அமைத்துக்கொள்ளலாம். பணப் பரிமாற்றச் செயலியின் ரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டியதில்லை. பணம் வைத்து ஆடும் இணையச் சூதாட்டத்துக்கு எதிராக 2022இல் தமிழ்நாடு சட்டம் இயற்றியது. ஆனால் நம் பிள்ளை பணயம் வைக்கவில்லை, பொருள் வாங்குகிறான். அந்தக் காவலை வீடும் வகுப்பும்தான் ஏற்க வேண்டும்.

அவன் விளையாட்டை விட்டுவிடவில்லை. மாலையில் ஆடுகிறான், எந்த நிற வீரரை எங்கே வைப்பது என்று எனக்கும் சொல்லித் தருகிறான். ஒரு வாரம் கழித்து, நான் கேட்காமலே சொன்னான்: “அலாரத்த எடுத்துட்டேன் சார்.”