209 தொகுதிகளில் கை இல்லை

ஈரோடு கிழக்குத் தொகுதி மக்கள் நான்கே ஆண்டுகளில் மூன்று முறை சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். 2021இல் காங்கிரஸ் வேட்பாளர் திருமகன் ஈவெரா ஜெயித்தார். 2023 ஜனவரியில் அவர் திடீரென்று காலமானார். அந்த இடைத்தேர்தலில் அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் நின்று, 60,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். 2024 டிசம்பரில் அவரும் மறைந்தார். 2025 ஜனவரியில் மறுபடியும் இடைத்தேர்தல் அறிவிப்பு வந்ததும், காங்கிரஸ் தலைமை தொகுதியைத் தி.மு.க.வுக்கு விட்டுக்கொடுத்தது. பிறகு அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் தேர்தலைப் புறக்கணித்துவிட்டன. 2011இல் இதே தொகுதியில் தே.மு.தி.க. சார்பில் வென்ற வி.சி. சந்திரகுமார், இந்த முறை உதயசூரியனில் நின்று சுலபமாக ஜெயித்தார்.

கூட்டணி தர்மம் என்றார்கள். இருக்கட்டும். ஆனால் ஈரோட்டில் வார்டு வார்டாக வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு தேர்தல் வேலை பார்த்த கதர்ச் சட்டைக்காரரிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதுதான் கேள்வி. தமிழ்நாடு காங்கிரசில் இந்தக் கேள்விக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது.

இந்தக் கட்சியின் உட்பூசல் என்றாலே நம் பத்திரிகைகளுக்கு, கட்சித் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனும் வேட்டி கிழிப்பும்தான் நினைவுக்கு வரும். ‘கோஷ்டி’ என்ற சொல்லைக் காங்கிரசுக்கே பட்டா போட்டுக் கொடுத்து, கார்ட்டூனிஸ்டுகள் இரண்டு தலைமுறையாகப் பிழைத்தாயிற்று. சிரிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கிழிபடுவது மாவட்டத் தலைவர்களின் வேட்டி, அவர்களோடு வேனில் வந்தவர்களின் வேட்டி. ஊரில் இருக்கும் தொண்டரின் மனக்குறை வேறு. தலைவர் யார் என்பதல்ல அவருடைய முதல் கவலை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் தேர்தலில் தனக்கு என்ன வேலை என்பதுதான்.

2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. அணியில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 25 தொகுதிகள். மாநிலத்தில் இருப்பவை 234. மிச்சமுள்ள 209இல் கை சின்னமே கிடையாது. அந்த 209இல் ஒன்றில் வட்டாரத் தலைவராக இருப்பவரின் தேர்தல் எப்படிப் போகும்? கூட்டணிக் கட்சியின் வேட்பாளர் ஊருக்குள் வருகிறார். திறந்த ஜீப்பில் அவர் கட்சிக் கொடி ஆளுயரத்துக்குப் பறக்கிறது. பின்பக்கக் கம்பியில் மூவர்ணக் கொடி ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள். போஸ்டரில் கீழ்வரிசையில், பொடி எழுத்தில், ‘மற்றும் தோழமைக் கட்சி நிர்வாகிகள்’. வேட்பாளர் வரத் தாமதமானால் கூட்டம் கலையாமல் பிடித்துவைக்க நம்மவரிடம் மைக்கைக் கொடுப்பார்கள். காமராஜர் கட்டிய அணைகளில் தொடங்கி, பள்ளிக்கூடங்களைத் தொட்டு, மதிய உணவுக்கு வருவதற்குள் ஜீப் வந்துவிடும். மைக் கைமாறும். சால்வை போடும் வரிசையில் அவர் ஏழாவதோ எட்டாவதோ ஆள். ஓட்டுப்பதிவு அன்று பூத்தில் உட்காருவார்; சோற்றுப் பொட்டலமும் டீயும் கூட்டணிக் கட்சியின் ஒன்றியச் செயலாளர் கணக்கில் வரும். மறுநாள் அவர் பழையபடி ஜூலை 15ஆம் தேதிக்குக் காத்திருக்க வேண்டும். காமராஜர் படத்துக்கு மாலை போட்டு, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகமும் மிட்டாயும் கொடுக்கும் நாள் அது.

இந்த நிலை கட்சி தோற்றதால் வந்தது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். பாதிதான் உண்மை. 1967இல் ஆட்சி போனது. விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஆனால் தோற்ற பிறகும் தமிழ்நாட்டில் காங்கிரசுக்குப் பெரிய ஓட்டு இருந்தது. 1969இல் கட்சி இரண்டானது. காமராஜர் ஸ்தாபன காங்கிரசில் நின்றார். 1971இல் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் சேர்ந்து தேர்தல் வந்தபோது, இந்திரா காந்தி தி.மு.க.வோடு கைகோத்தார். அவருடைய கட்சி வாங்கிக்கொண்டது சில மக்களவைத் தொகுதிகளை மட்டும். சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதிகூடக் கேட்டு வாங்கவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன்புவரை இந்த மாநிலத்தை ஆண்ட கட்சி அது!

அன்றைக்குப் போட்ட கணக்கைத்தான் டெல்லி இன்றும் போடுகிறது என்பேன். டெல்லிக்கு வேண்டியது எம்.பி.க்கள். சென்னைக் கோட்டை யார் கையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. எம்.ஜி.ஆர். காலத்தில், 1984இல், இது ஒரு சூத்திரமாகவே ஆனது: மக்களவையில் பெரும்பங்கு காங்கிரசுக்கு, சட்டமன்றத்தில் பெரும்பங்கு அ.தி.மு.க.வுக்கு. தலைவர்களுக்கு நல்ல ஏற்பாடு. எம்.பி. ஆகலாம், மந்திரியும் ஆகலாம். ஆனால் ஊர்க்காரர் தொண்டரைத் தேடி வருவது முதியோர் உதவித்தொகைக்கு, பட்டா மாறுதலுக்கு, தெருக் குழாய்க்கு. இவை எதுவும் டெல்லியில் நடக்கும் காரியமல்ல. தாலுகா அலுவலகத்தில் நடப்பது. அங்கே ஆளுங்கட்சியின் கிளைச் செயலாளர் சொன்னால் நடக்கும். காங்கிரஸ் வட்டாரத் தலைவர் சொன்னால், ‘பார்க்கலாம் சார்’.

2006இல் இதை மாற்ற ஒரு வாய்ப்பு வந்தது. தி.மு.க.வுக்கு 96 இடங்கள். பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரசிடம் 34 பேர் இருந்தார்கள். அவர்கள் இல்லாமல் ஆட்சி நிற்காது. அதே நேரத்தில் டெல்லியில் மன்மோகன் சிங் அமைச்சரவையில் தி.மு.க.வுக்கு முக்கியமான இலாகாக்கள். அங்கே பங்கு கொடுத்தவர்கள் இங்கே பங்கு கேட்டிருக்கலாம். கேட்க வேண்டாம் என்று மேலிடம் முடிவெடுத்தது. வெளியிலிருந்து ஆதரவு, ஐந்து வருடமும். இன்றைக்கு ‘ஆட்சியில் பங்கு’ என்று காங்கிரசில் யார் பேசினாலும், கேட்கும் பழைய தொண்டர் மனதில் ஓடுவது 2006தான். கேட்க வேண்டிய நாளில் வாயை மூடிக்கொண்டார்களே என்ற ஆற்றாமை.

தொண்டர்கள் பொங்கி எழவே இல்லையா? ஒருமுறை எழுந்தார்கள். 1996இல் ஜெயலலிதா மீது மாநிலமே கொதித்துக்கொண்டிருந்தபோது, அவரோடு கூட்டணி என்று நரசிம்ம ராவ் அறிவித்தார். மாநிலக் கட்சி ஒட்டுமொத்தமாக எதிர்த்தது. ஜி.கே. மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தன. சைக்கிள் சின்னத்தைக் கதர்ச் சட்டைக்காரர்கள் அதற்குள் ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ரஜினியின் குரல் உதவியது, தி.மு.க. கூட்டணி உதவியது, எல்லாம் சரி. ஆனாலும் 39 எம்.எல்.ஏ.க்கள், 20 எம்.பி.க்கள் என்று வந்த முடிவில், மேலிடத்தை மீறிய தொண்டனின் உழைப்பும் இருந்தது. ராவின் காங்கிரஸ் தமிழ்நாட்டில் பூஜ்யம்.

அந்தக் கதை எப்படி முடிந்தது என்பதும் தெரிந்ததே. 2001இல் த.மா.கா. அதே ஜெயலலிதாவோடு கூட்டணி வைத்தது. ப. சிதம்பரம் அதை ஏற்காமல் தனியே போனார். அந்த ஆண்டு ஆகஸ்டில் மூப்பனார் மறைந்தார். மறு ஆண்டு கட்சி தாய்க் கட்சியில் இணைந்தது. 2014இல் மூப்பனாரின் மகன் ஜி.கே. வாசன் மறுபடியும் வெளியேறினார். எத்தனை தடவைதான் கொடியை மாற்றிக் கட்டுவது என்று சலித்து, பலர் வீட்டோடு இருந்துவிட்டார்கள். காங்கிரஸ் இழந்ததில் அதிகம் பேசப்படாதது இந்தச் சலிப்பில் போன கூட்டம்.

தலைமை நியமனம் இன்னொரு புண். மாநிலத் தலைவர், மாவட்டத் தலைவர், வேட்பாளர் பட்டியல், எல்லாமே டெல்லியிலிருந்து இறங்கும். 2016இல் தலைவரான திருநாவுக்கரசர் அ.தி.மு.க.விலும் பா.ஜ.க.விலும் இருந்து வந்தவர். வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தவர். 2024இல் வந்த செல்வப்பெருந்தகை முன்பு விடுதலைச் சிறுத்தைகள் எம்.எல்.ஏ. வெளியிலிருந்து வந்தவர்கள் தலைமைக்கு வரக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன்; திறமை இருந்தால் வரட்டும். ஆனால் அப்பா காலத்திலிருந்து கதர் கட்டும் குடும்பத்துக்காரர், வட்டாரத் தலைவர் பதவிக்கே எந்தக் கோஷ்டியின் சிபாரிசு என்று பார்த்து நிற்கும்போது, அவருக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

வேட்பாளர் தேர்வில் நடந்த கூத்துக்கு 2011 மயிலாப்பூர் ஒன்று போதும். அப்போது மாநிலத் தலைவர் கே.வி. தங்கபாலு. வேட்பாளர் அவருடைய மனைவி. அதற்கே தொண்டர்கள் கொதித்தார்கள். மனைவியின் வேட்புமனு தள்ளுபடியானது. மாற்று வேட்பாளராக மனு போட்டிருந்தவர் தலைவரே. அவர் வேட்பாளர் ஆனார், தோற்றார். அந்தத் தேர்தலில் 63 இடங்களில் நின்ற காங்கிரஸ் வென்றது ஐந்தே இடம்.

2021இலும் காட்சி பெரிதாக மாறவில்லை. தொகுதிப் பங்கீட்டில் தங்களை நடத்திய விதத்தைச் சொல்லி, அப்போதைய தலைவர் கே.எஸ். அழகிரி செயற்குழுவில் கண்கலங்கினார். வேட்பாளர் தேர்வின்போது கரூர் எம்.பி. ஜோதிமணி, தேர்வு சரியில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். தலைவரே கண்ணீர் விடுகிற, எம்.பி.யே முறையிடுகிற இடத்தில் வட்டாரத் தலைவர் யாரிடம் போய் அழுவார்?

உட்கட்சித் தேர்தல் வைத்தால் சரியாகிவிடும் என்று ராகுல் காந்தி ஒரு முயற்சி செய்தார். இளைஞர் காங்கிரசுக்கு 2009இல் ஊர் ஊராக உறுப்பினர் சேர்த்து, முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ போன்றவர்கள் இருந்த அமைப்பின் மேற்பார்வையில் வாக்குப்பதிவு நடத்தினார்கள். நல்ல எண்ணம்தான். நம் ஊர்க் கோஷ்டித் தலைவர்கள் அதைப் பார்த்தவுடன் புரிந்துகொண்டார்கள்: யார் அதிகம் ஆள் சேர்க்கிறாரோ அவர் ஜெயிப்பார். சேர்த்தார்கள். தலைவராகத் தேர்வான எம். யுவராஜா, வாசன் ஆதரவாளர். 2014இல் வாசனோடு போய்விட்டார். 2021இல் அவர் இரட்டை இலையில் நின்ற தொகுதி எது தெரியுமா? ஈரோடு கிழக்கு. எதிரே நின்று ஜெயித்தவர்தான் திருமகன் ஈவெரா.

தொண்டர்களிடமும் ஒரு கோளாறு உண்டு. அவர்கள் கட்சியைவிடத் தங்கள் தலைவரைத்தான் பார்க்கிறார்கள். மூப்பனார் ஆள், வாழப்பாடியார் ஆள், சிதம்பரம் ஆள், இளங்கோவன் ஆள் என்று தங்களைச் சொல்லிக்கொண்டவர்கள் அவர்களேதான். தன் தலைவருக்குப் பதவி வந்தால் மேலிடம் நல்லது. வராவிட்டால் மேலிடம் துரோகி. இந்தக் கோபத்தை வைத்துக் கட்சியைத் திருத்த முடியாது.

தனித்து நின்று பார்க்கலாம் என்கிறவர்கள் 1989 சட்டமன்றத் தேர்தலை எடுத்துக்காட்டுவார்கள். ராஜீவ் காந்தி திரும்பத் திரும்ப வந்து சுற்றினார். மூப்பனார் தலைமையில் தனியாக நின்று 26 இடங்கள், சுமார் 20 சதவீத ஓட்டு. வாதத்துக்கு நல்ல எண். ஆனால் 2014 மக்களவைத் தேர்தலில் அதே தனித்த போட்டியில் கிடைத்தது நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். இடையில் இருந்த இருபத்தைந்து ஆண்டுகளில் பெரும்பாலான தொகுதிகளில் கை சின்னம் இயந்திரத்தில் இல்லாமலே போயிருந்தது. பார்க்காத சின்னத்துக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்? 2014இல் கன்னியாகுமரி ஒன்றில்தான் கட்சி இரண்டாம் இடத்துக்கு வந்தது. அதில் ஆச்சரியமில்லை. விளவங்கோடு, கிள்ளியூர், குளச்சல் பக்கம் கட்சி தொடர்ந்து நிற்கிறது, தொடர்ந்து வேலை செய்கிறது. 2024இல் விளவங்கோடு எம்.எல்.ஏ. விஜயதரணி பா.ஜ.க.வுக்குப் போனபோதும், அங்கே இடைத்தேர்தலில் காங்கிரஸ் மறுபடி ஜெயித்தது. ஆள் போனாலும் அமைப்பு இருந்தது.

மற்ற மாவட்டங்களில் அந்த அமைப்பை எங்கிருந்து தொடங்குவது? உள்ளாட்சிதான் வழி. அங்கேயும் பங்கீடு குறுக்கே வந்தது. 2022 நகர்ப்புறத் தேர்தலில் 21 மாநகராட்சிகளில் ஒன்றே ஒன்று, கும்பகோணம், காங்கிரசுக்கு வந்தது. ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த க. சரவணன் மேயரானார். தொண்டர்கள் அந்தப் படத்தைக் கைபேசியில் சந்தோஷமாகப் பகிர்ந்தார்கள். அதே வாரத்தில், கூட்டணிக் கட்சிகளுக்கு ஒதுக்கிய தலைவர் பதவிகள் சிலவற்றைத் தி.மு.க.வினரே போட்டியிட்டுப் பறித்துக்கொண்டார்கள். முதல்வர் ஸ்டாலின் வருத்தம் தெரிவித்து, பதவி விலகச் சொல்ல வேண்டிவந்தது.

ஆனால் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. யாரிடமும் சீட் கேட்க வேண்டாம், எந்தக் கோஷ்டியின் சிபாரிசும் வேண்டாம். பூட்டு சாவியோ ஆட்டோவோ ஏதோ ஒரு சின்னம். ஊர் மதித்தால் ஜெயிக்கலாம். கிராமத்துக் காங்கிரஸ்காரருக்குத் தன் பெயரில் ஓட்டுக் கேட்க மிச்சமிருக்கும் இடம் அது. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் தேர்வான ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி முதல் வாரத்தோடு முடிந்தது. புதிய தேர்தல் நடக்கவில்லை. தனி அலுவலர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அதே மாதம்தான் ஈரோடு கிழக்கும் கைமாறியது. சத்தியமூர்த்தி பவனிலோ அந்த ஆண்டு முழுக்கப் பேச்சு, அடுத்த சட்டமன்றத் தேர்தலில் எத்தனை சீட் கேட்பது என்பதைப் பற்றி.