மொட்டைமாடியில் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடி

தாம்பரத்தில் மாலை ரயிலை விட்டு இறங்கும் ஜனங்கள் ஆகாயத்தை அண்ணாந்து பார்ப்பது அபூர்வம். பார்த்தாலும், ஜி.எஸ்.டி. ரஸ்தாவின் விளக்கொளி நட்சத்திரங்களில் பெரும்பாலானவற்றை விழுங்கி விடுகிறது. ஆயினும் சந்திரனையும் வியாழனையும் எந்த விளக்காலும் மறைக்க முடியவில்லை. அவ்விரண்டையும் கிட்டத்தில் காணும் ஆசையால் ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியை நாமே செய்து பார்த்தோம்.

செலவு சில நூறு ரூபாய்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் 'பிளஸ் ஒன்று' என்று கேட்டால் வெட்டப்படாத வட்டக் கண்ணாடி கிடைக்கும். அதன் குவியத் தூரம் 100 சென்டிமீட்டர். நாம் முதலில் வாங்கி வந்தது 'மைனஸ் ஒன்று'! கடைக்காரர் மீது குற்றமில்லை. அப்படிக் கேட்டவர் நாமே. எழுத்துக்குச் சற்று மேலே தூக்கிப் பிடித்து, எழுத்து பெரிதாகிறதா என்று அங்கேயே பார்த்துவிடுவது உத்தமம். மற்றொன்று, கடிகாரம் பழுது பார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்ளும் சிறு பூதக்கண்ணாடி. குவியத் தூரம் 5 சென்டிமீட்டர். 100-ஐ 5-ஆல் வகுத்தால் 20. அத்தனை மடங்கு பெருக்கிக் காட்டும்.

90 சென்டிமீட்டர் பி.வி.சி. குழாயின் ஒரு முனையில் பெரிய கண்ணாடியை, அதன் குவிந்த முகம் வானத்தை நோக்கும்படி, பொருத்தினோம். சிறு கண்ணாடியை ஓர் அட்டைக் குழலில் வைத்து, மறு முனையில் முன்னும் பின்னும் நகரும்படி செருகினோம். உட்புறமெல்லாம் கறுப்புக் காகிதம். பெரிய கண்ணாடியின் முன்னால் 2.5 சென்டிமீட்டர் துவாரமிட்ட கறுப்பு அட்டை ஒன்று அவசியம். வரும் வெளிச்சத்தை வீணாக்குவானேன் என்று நமக்கும் தோன்றிற்று. அட்டையை எடுத்தோம், சந்திரனைச் சுற்றி ஊதா நிறக் கரை படிந்து, விளிம்பே மங்கிவிட்டது. ஒற்றைக் கண்ணாடி ஒவ்வொரு வர்ணத்தையும் ஒவ்வொரு தூரத்தில் குவிப்பதே காரணம். அட்டை திரும்பவும் தன் ஸ்தானத்துக்குப் போயிற்று.

கையில் பிடித்தால் கைநடுக்கமும் 20 மடங்காகும். கைப்பிடிச் சுவரின் மேல் ஓர் அரிசிப் பையை வைத்து, அதில் குழாயை அழுத்தினோம், அசையவில்லை. பிம்பம் தலைகீழாகத் தெரியும். ஆகாயத்துக்கு மேலேது, கீழேது?

பௌர்ணமியன்று சந்திரனைப் பார்த்து ஏமாற வேண்டாம். அஷ்டமியை ஒட்டிய இரவுகளில்தான் ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்கள் துலக்கமாகத் தெரிகின்றன. சூரியனை மட்டும் இதனூடே ஒரு க்ஷணமும் பார்க்கலாகாது. கண் போனால் போனதுதான். குழந்தைகளிடம் பகலில் இதைக் கொடுக்கவே கூடாது.

இப்பக்கத்து மண்ணுக்குத் தூரதிருஷ்டி புதிதன்று. 1802-ல் லாம்டன் துரை தம் பெரும் நில அளவைக்கு ஆதாரமான முதல் கோட்டைப் பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையேதான் அளந்தார். நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் உத்தியோகம் பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரமொன்றைக் கண்டுபிடித்தார். 1874-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தபோது, அதைச் சாமானிய மக்களுக்கு விளக்க நம் தேச பாஷைகளிலும் எழுதினார். ஜவ்வாது மலைக் காவலூரில் 1986-ல் நிறுவிய 2.34 மீட்டர் ஆடியைத் தேய்த்து மெருகேற்றியது பெங்களூரில், நம்மவர் கைகளே.

1610 ஜனவரி 7-ந் தேதி கலிலியோ வியாழன் பக்கத்தில் சிறு புள்ளிகளைக் கண்ட குழாயும் ஏறக்குறைய 20 மடங்கு பெருக்கியதுதான். நமது அரிசிப் பையின் மேலிருந்து நான்கு புள்ளிகளும் தெரிந்தன. காகிதத்தில் குறித்துக்கொண்டோம். மறுநாள் அதே நேரத்தில் பார்த்தால், ஒன்று இடப்புறத்திலிருந்து வலப்புறம் போயிருந்தது. வீட்டார் எல்லோரும் முறைவைத்துப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் மேகம்.