புற்றுநோயாளிகளும் கொரோனா தொற்றும்

கொரோனா பெருந்தொற்றின் அவசர நிலை முடிவுக்கு வந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அறிவித்தது. அதன் பின்னர் கிராமங்களில் இந்நோயைப் பற்றிய பேச்சும் ஓய்ந்துவிட்டது. வயல் வேலை, சந்தை, திருவிழா என்று எல்லோரும் பழைய வாழ்க்கைக்குத் திரும்பிவிட்டோம். ஆயினும் அக்கிருமி உலகை விட்டு அகன்றுவிடவில்லை. உடல் நலமுள்ள ஒருவருக்கு இன்று அது பெரும்பாலும் சளி, தொண்டை வலி, இரண்டு மூன்று நாள் காய்ச்சல் என்ற அளவில் வந்து போகிறது. அதே வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவருக்கு அது தொற்றினால் அவ்வாறு எளிதில் போய்விடும் என்று இருக்க முடியாது. வீட்டில் இத்தகைய நோயாளி உள்ள உழவர் குடும்பத்தினர் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காரணம் என்ன?

உடலுக்குள் நுழையும் கிருமிகளை எதிர்த்து அழிப்பவை இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை இருக்கும். எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையே இவற்றின் நாற்றங்கால். அங்கிருந்து இரவும் பகலும் புதிய அணுக்கள் உற்பத்தியாகி இரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும்.

புற்றுநோய்க்கு ஏற்றப்படும் கீமோதெரபி மருந்துகளில் பல, வேகமாகப் பெருகும் அணுக்களை அழிக்கும் தன்மையுடையவை. புற்று அணு வேகமாகப் பெருகுவது. மஜ்ஜையில் பிறக்கும் வெள்ளணுவும் வேகமாகப் பெருகுவது. மருந்துக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. வயலில் தெளித்த களைக்கொல்லி காற்றில் அடித்துப் பக்கத்து நாற்றங்காலில் விழுந்தால் நாற்றின் கதி என்னவோ அதுவே இங்கும் நடக்கிறது. சிகிச்சையின்போது முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் இதே காரணத்தால்தான்.

பெரும்பாலான மருந்துகளில், ஏற்றிய 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள் வரை வெள்ளணுக்கள் மிகவும் குறைந்திருக்கும். அதன் பின் மெல்ல ஏறி, பெரும்பாலும் அடுத்த தவணைக்குள் பழைய நிலையை எட்டும். ஆபத்து மிகுந்த இந்த ஒரு வாரத்தைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் வட்டமிட்டு வைப்பது நல்லது. பால் கணக்கும் ஆள் கூலியும் எழுதும் நாட்காட்டியாக இருந்தால் இன்னும் நல்லது. அதைத்தான் வீட்டில் எல்லோரும் தினமும் பார்க்கிறார்கள்.

யாருக்கு ஆபத்து அதிகம்?

புற்றுநோயாளிகள் எல்லோருக்கும் ஆபத்து ஒரே அளவில் இல்லை. மார்பகத்திலோ கருப்பை வாயிலோ வந்த புற்று பல ஆண்டுகளுக்கு முன்பே குணமாகி, இன்று மருந்து எதுவும் எடுக்காதவருக்கு, அவர் வயதுள்ள மற்றவர்களைவிடப் பெரிதாக அச்சம் வேண்டியதில்லை. சிகிச்சையில் இருப்பவருக்கு ஆபத்து கூடுதல். அவர்களுள்ளும் இரத்தப் புற்று, நிணநீர்ச் சுரப்பிப் புற்று, மைலோமா எனப்படும் மஜ்ஜைப் புற்று உள்ளவர்களுக்கும், மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும், நுரையீரல் புற்று உள்ளவர்களுக்கும் மிக அதிகம். முதல் வகையினருக்கு எதிர்ப்பு அணுக்களே பழுதுபட்டவை. நுரையீரல் புற்றிலோ கொரோனா தாக்கும் உறுப்பே முன்னரே சிதைந்திருக்கிறது. அறுபதைத் தாண்டிய வயதும் சர்க்கரை நோயும் சேர்ந்தால் நிலைமை மேலும் கடுமையாகும்.

தடுப்பூசி இல்லாத 2020ஆம் ஆண்டில் அமெரிக்கா, கனடா, ஸ்பெயின் ஆகிய நாடுகளில் கொரோனா தொற்றிய 928 புற்றுநோயாளிகளைக் கணக்கெடுத்ததில், 30 நாட்களுக்குள் 121 பேர், அதாவது நூற்றுக்குப் பதின்மூவர் இறந்திருந்தனர். நுரையீரல் முதலிய மார்புக்கூட்டுப் புற்று உள்ள 200 பேரைப் பற்றிய மற்றொரு கணக்கில் இறந்தோர் மூன்றில் ஒரு பங்கினர். தடுப்பூசி வந்த பின்னும், 2021ஆம் ஆண்டின் இறுதியில் ஒமைக்ரான் வகை பரவிய பின்னும் இந்த எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது. எனினும் இரத்தப் புற்று உள்ளவர்களுக்கு ஏனையோருக்குக் கிடைத்த அளவு பாதுகாப்பு கிடைக்கவில்லை.

இவர்கள் உடலில் கிருமி நீண்ட நாள் தங்குவதும் உண்டு. அமெரிக்காவில் நாட்பட்ட இரத்தப் புற்று இருந்த ஒரு மூதாட்டியிடம் நோய்க்குறி ஏதும் இல்லாமலேயே 70 நாட்கள் வரை உயிருள்ள கொரோனா கிருமி இருந்ததை 2020இல் கண்டறிந்தனர். ஆகவே மற்றவர்களுக்குச் சொல்லும் ஐந்து நாள், ஏழு நாள் தனிமைக் கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. எத்தனை நாள் என்பதை டாக்டரே கூற வேண்டும்.

காய்ச்சல் கண்டால்

இக்கட்டுரையில் வேறு எதை மறந்தாலும் இப்பகுதியை மறக்க வேண்டாம். கீமோ ஏற்றிக்கொள்பவரின் வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் இருக்க வேண்டும். நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சொல்வது போதாது. 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காட்டினால் அது அவசர நிலை. விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

அந்தக் காய்ச்சல் கொரோனாவால் வந்திருக்கலாம். வெள்ளணு குறைந்ததால் இரத்தத்தில் பாக்டீரியா புகுந்து வந்ததாகவும் இருக்கலாம். இரண்டும் சேர்ந்தும் வரலாம். வீட்டில் இருந்துகொண்டு இன்னது என்று யாராலும் கூற இயலாது. பாக்டீரியாவாக இருந்து, வெள்ளணுவும் அடிமட்டத்தில் இருந்தால், சில மணி நேரத்திலேயே இரத்த அழுத்தம் தாழ்ந்து உயிருக்கு ஆபத்து ஏற்படும். எனவேதான் மருத்துவமனையில் இத்தகையவருக்குப் பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல், வந்த ஒரு மணி நேரத்திற்குள் நரம்பு வழியாக நோய்க்கிருமிக் கொல்லி மருந்தைத் தொடங்குகிறார்கள்.

நம் ஊர்களில் உள்ள வழக்கம் வேறு. காய்ச்சல் என்றால் முதலில் ஒரு பாரசெட்டமால் மாத்திரை; மறுநாளும் விடாவிட்டால் பக்கத்து ஊரில் ஓர் ஊசி; மூன்றாம் நாள்தான் பெரிய ஆஸ்பத்திரி. மற்றவர்களுக்கு இது எப்படியோ, கீமோ ஏற்றியவருக்கு இந்த மூன்று நாள் தாங்காது. மாத்திரையால் காய்ச்சல் இறங்கிவிட்டால் ஆபத்தும் நீங்கியது போல் தோன்றும். உள்ளே நோய் முற்றிக்கொண்டிருக்கும். ஆதலால் முதலில் அளந்து பார்த்து, சிகிச்சை பெறும் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, அதன் பிறகே மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும். மருத்துவமனை தொலைவில் இருந்தால் 108 வண்டியை அழைத்து அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கு போனதும், "காய்ச்சல்" என்று மட்டும் கூறாமல், "புற்றுநோய்க்குக் கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆகிறது" என்று முதல் வாக்கியத்திலேயே கூறுங்கள். சிகிச்சைக் கோப்பையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காய்ச்சல் இல்லாமலேயே மூச்சு வாங்கினாலும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் 94க்குக் கீழ் காட்டினாலும் உடனே போக வேண்டும். புற்றுநோயும் கொரோனாவும் தனித்தனியே இரத்தத்தை உறையச் செய்பவை. ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அதையும் அலட்சியம் செய்யலாகாது.

கொரோனா என்று உறுதியானால் அதற்குரிய மாத்திரைகள் இன்று உண்டு. நோய்க்குறி தோன்றிய ஐந்து நாட்களுக்குள் அவற்றைத் தொடங்கினால்தான் பயன். அவற்றுள் முக்கியமான ஒன்று சில புற்றுநோய் மருந்துகளோடு சேர்ந்தால் அந்த மருந்தின் வேகத்தைக் கூட்டித் தீங்கு செய்யும். ஆகவே கடையில் கேட்டு வாங்கி உட்கொள்ளும் மருந்து இதுவல்ல.

வைக்கோலும் குப்பைக் குழியும்

2021ஆம் ஆண்டு இரண்டாம் அலையின்போது "கறுப்புப் பூஞ்சை" என்ற நோயைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சர்க்கரை நோய் கட்டுப்படாதவர்களையும், ஸ்டீராய்டு மருந்தைத் தேவைக்கு மேல் எடுத்தவர்களையும் அது பெரும்பாலும் தாக்கிற்று. இவ்வகைப் பூஞ்சைகள் எங்கோ ஆய்வுக்கூடத்தில் இருப்பவை அல்ல. நம் மண்ணிலும், மக்கும் எருவிலும், மழையில் நனைந்து பூசணம் பிடித்த வைக்கோலிலும் எப்போதும் இருப்பவை. நலமாக இருக்கும் உழவர் அவற்றைச் சுவாசித்தாலும் வெள்ளணுக்கள் சமாளித்துவிடும். வெள்ளணு குறைந்து, கொரோனாவும் வந்து, அதற்கு ஸ்டீராய்டும் கொடுக்கப்பட்டவருக்குத் தடுப்பு ஏதும் மிஞ்சாது. எனவே சிகிச்சைக் காலத்தில் எருக்குழி கிளறுதல், பழைய வைக்கோல் பிரித்தல், தானியம் தூற்றுதல், மாட்டுக் கொட்டகை கூட்டுதல் ஆகிய வேலைகளிலிருந்து அவருக்கு விடுதலை தர வேண்டும். வீட்டுப் பெண்களுக்கு இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டியுள்ளது. மருந்து ஏற்றிவிட்டு வந்த மறுநாளே கொட்டகைக்குள் போய்விடுகிறார்கள்.

வீட்டிலுள்ளோர் கடமை

மிளகாய்த் தோட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசை மக்காச்சோளம் விதைக்கிறோம். நோயைப் பரப்பும் பூச்சி முதலில் சோளத்தில் தடைபட்டு நிற்கும்; உள்ளிருக்கும் மிளகாய் தப்பும். புற்றுநோயாளியைச் சுற்றியுள்ளோர் தடுப்பூசி போட்டுக்கொள்வதன் பொருளும் இதுதான். நோயாளிக்கும் ஊசி உண்டு. கோவிஷீல்டு, கோவாக்சின் ஆகிய இரண்டிலும் உடலுக்குள் பெருகக்கூடிய உயிர்க் கிருமி இல்லை என்பதால் அவற்றால் கொரோனா வராது. ஆனால் நிணநீர்ப் புற்றுக்கு ரிடக்சிமாப் போன்ற மருந்து ஏற்றியவர்களுக்கு, ஆறு மாதம் அல்லது அதற்கு மேலும்கூட, ஊசி போட்டாலும் எதிர்ப்புப் பொருள் சரிவர உண்டாவதில்லை. எப்போது போடுவது, மீண்டும் ஒரு தவணை தேவையா என்பதைப் புற்றுநோய் டாக்டரிடமே கேட்டறிய வேண்டும். மார்பகப் புற்று உள்ளவர்கள் நோய் இல்லாத பக்கத்துக் கையில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசிக்குப் பின் அக்குளில் சில நாள் நெறி கட்டுவது உண்டு. அதைப் புற்று பரவிவிட்டதாக எண்ணி அஞ்ச நேரிடும்.

நலம் விசாரிக்க வரும் உறவினரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழமும் பிஸ்கட்டுமாக அன்போடு வருகிறார்கள். சில வேளைகளில் இருமலோடும் வருகிறார்கள். வர வேண்டாம் என்று சொல்ல நமக்கு வாய் வராது. திண்ணையிலேயோ வேப்ப மரத்தடியிலேயோ நாற்காலி போட்டு, சற்று எட்ட உட்கார வைத்துப் பேசச் சொல்லலாம். இருமல், சளி உள்ளவர் வீட்டு ஆளாகவே இருந்தாலும் முகக்கவசம் அணிய வேண்டும். சில நாள் வேறு அறையில் படுக்க வேண்டும்.

சிகிச்சையைத் தள்ளிப் போடலாமா?

இத்தனையும் படித்த பின் சிலருக்கு, நோய்த் தொற்று நடமாடும்போது மருத்துவமனைப் பக்கமே போகாமல் இருப்பது மேல் என்று தோன்றலாம். அவ்வாறு எண்ணியதால் விளைந்த கேடு கொரோனாவால் விளைந்ததற்குக் குறைந்ததன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் முதல் மே வரை நம் நாட்டில் 41 புற்றுநோய் மருத்துவமனைகளில் எடுத்த கணக்கைப் பாருங்கள். முந்தைய ஆண்டு அதே மூன்று மாதங்களில் 1,12,270 புதிய நோயாளிகள் பதிவு செய்திருந்தனர். 2020இல் வந்தவர்கள் 51,760 பேர் மட்டுமே. பெரிய அறுவை சிகிச்சைகள் 17,120இலிருந்து 8,677ஆகக் குறைந்தன. ஊரடங்கில் பேருந்து இல்லை, போக வழியில்லை. புற்று மட்டும் ஊரடங்கு பாராமல் வளர்ந்தது. அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப் போனால் இறக்கும் வாய்ப்பு 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது என்பது பல ஆய்வுகளைத் திரட்டிக் கண்ட முடிவு.

பிரிட்டனில் 2020ஆம் ஆண்டு கொரோனா தொற்றிய 800 புற்றுநோயாளிகளை ஆராய்ந்தனர். வயது, பிற நோய்கள் ஆகியவற்றைக் கணக்கில் கொண்டு பார்த்தபோது, முந்தைய நான்கு வாரத்திற்குள் கீமோ ஏற்றியவர்கள் ஏற்றாதவர்களைவிட அதிகமாக இறக்கவில்லை. வெள்ளணு குறைவது உண்மை. அதற்காகக் கீமோவையே நிறுத்திவிடுவது முறையாகாது.

கொரோனா வந்துவிட்டால் அடுத்த தவணையைச் சில நாட்களோ வாரங்களோ தள்ளி வைப்பதுண்டு. மெதுவாக வளரும் சில புற்றுகள் அதைத் தாங்கும். தீவிர இரத்தப் புற்று தாங்காது. "கரண்ட் வைத்தல்" எனப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையை இடையில் விட்டால் அதன் பயன் குறையும். எது பொறுக்கும், எது பொறுக்காது என்பது டாக்டருக்குத் தெரியும். கொரோனா உறுதியான அன்றே அவருக்குத் தெரிவித்து, அடுத்து வர வேண்டிய தேதியைக் கேட்டுச் சிகிச்சை அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். அறுவடையோ நடவோ அந்தத் தேதியில் வந்து விழுந்தால், அந்த வேலைக்கு வேறு ஆள் ஏற்பாடு செய்துவிட்டு நோயாளியுடன் புறப்பட வேண்டும்.