பழைய கார் வாங்கப் போகிறீர்களா?

தாத்தா காலத்து கார் ஒன்று வாங்க வேண்டும். குடும்பத்தோடு அதில் ஊர் சுற்ற வேண்டும். இந்த ஆசை பலருக்கு உண்டு. என்ஜின் பற்றி ஒன்றும் தெரியாதவர்களும் வாங்கலாம். ஆனால், உஷார் தேவை!

எந்தக் கார்?

அம்பாசடர் ஏற்றது. இங்கிலாந்தின் "மோரிஸ் ஆக்ஸ்போர்டு" காரைப் பின்பற்றி, கல்கத்தா அருகே உத்தரபாராவில் செய்யப்பட்ட கார் அது. 2014-ல் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆனாலும் அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர்கள் இன்னும் பல ஊர்களில் இருக்கிறார்கள்.

துருதான் எமன்!

பளபளக்கும் பெயிண்டைக் கண்டு மயங்காதீர்கள். கால்மிதியைத் தூக்கிப் பாருங்கள். கதவின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். என்ஜின் கெட்டால் சரி செய்துவிடலாம். அடித்தகடு அரித்துப் போனால் செலவு கையைக் கடிக்கும்.

நீலப் புகை வந்தால், என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். விற்பவர் காட்டும் மெக்கானிக்கை நம்ப வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தவரை அழைத்துச் செல்லுங்கள்.

ஆர்.சி. புத்தகம்

அதில் உள்ள என்ஜின் நம்பரும் சேசிஸ் நம்பரும் காரில் உள்ளவைதானா என்று பாருங்கள். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை காரைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம். 50 ஆண்டு தாண்டிய காரை "விண்டேஜ்" என்று பதிவு செய்ய 2021-ல் விதி வந்தது. அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் ஓட்டலாம். நினைத்தபோது பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போக முடியாது!

ஆகவே, எந்தப் பதிவு என்று கேளுங்கள். பிறகு முன்பணம் கொடுங்கள்.